ஒயின் பற்றி எழுதிப் பிழைக்க முடியுமா? ஒரு பேரணாம்பட்டுத் தம்பியின் கேள்வி

கேள்வி, 2 மார்ச் 2024

அக்கா, எனக்குப் பேரணாம்பட்டு. வயது 24. ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இரண்டு வருடமாகச் செய்தி அனுப்புகிறேன். போன மாதம் பெங்களூரில் நண்பன் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஒயின் சுவைத்துப் பார்க்கும் கூட்டம் ஒன்று நடந்தது. இதைப் பற்றி எழுதுவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் ராணிப்பேட்டைக்காரர் என்றும் அங்கே ஒருவர் சொன்னார். வேலூர்ப் பக்கம் பிறந்த ஒருவர் இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் நல்ல ஒயின் கிடைக்காது. நம் நாக்குக்கு அது பழக்கமில்லை. தமிழில் அதைச் சொல்ல வார்த்தையும் இல்லை. சரிதானே?

3 மார்ச் 2024, காலை

முதல் காரணம் உண்மை. மற்ற இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காசை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயின் எழுத்தால் மட்டும் நான் வீட்டு வாடகை கட்டியது மொத்தமே நான்கு வருடம்தான். மற்ற வருடங்களில் மொழிபெயர்ப்பு, ஹோட்டல் மெனு எழுதுவது, சமையல் புத்தகத் திருத்தம் எல்லாம் செய்துதான் ஓடியது. இந்தியாவில் இதை முழுநேர வேலையாக வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தமிழில் மட்டும் எழுதிப் பிழைப்பவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

நான் வந்த வழி இது. 1998-ல் ராணிப்பேட்டையில் உங்களைப் போலவே பகுதி நேர நிருபர். அச்சான செய்தியை அளவுகோல் வைத்து அளந்து, சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். அப்போது எங்கள் பக்கத்துப் பெரிய செய்தி, தோல் பதனிடும் ஷாப்களின் கழிவால் கெட்டுப்போன பாலாறு. வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்புக்குப் பிறகு கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று ஊர் ஊராகப் போய் எழுதினேன். 2005-ல் பெங்களூர் போய் ஹோட்டல் தொழிலுக்கான மாதப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்தேன். ஒயின் பக்கத்தை எடுக்க அங்கே யாரும் முன்வரவில்லை. புதிதாக வந்தவள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். அதுதான் ஆரம்பம்.

3 மார்ச் 2024, இரவு

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். நம் நாக்குக்குப் பழக்கமில்லை என்றீர்கள். காலையிலிருந்து அது மனதைவிட்டுப் போகவில்லை.

என் அப்பா தோல் ஷாப்பில் மேஸ்திரி. குரோமியம் போட்டு வேகமாகப் பதனிடும் முறை எங்கும் பரவிய பிறகும் அவருடைய ஷாப்பில் பட்டைத் தொட்டிகள் இருந்தன. ஆவாரம் பட்டையையும் வாட்டில் பட்டையையும் ஊறவைத்த தண்ணீரில் தோலை நாள்கணக்கில் போட்டுவைப்பார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். பள்ளி விட்டு வந்தால் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். பட்டையைக் கடித்துப் பார்த்திருக்கிறேன், கடுக்காயைச் சப்பியிருக்கிறேன். நாக்கு இழுத்துக்கொள்ளும், கன்னத்தின் உள்பக்கம் உலர்ந்து பல்லோடு ஒட்டும். அப்பா வெல்லம் கொடுப்பார்.

பெங்களூரில் முதன்முதலாக ஒரு நல்ல சிவப்பு ஒயினை வாயில் வைத்தபோது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது. அது வெறும் நினைவு என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு படித்தபோது, இரண்டுமே ஒரே பொருளின் வேலை என்று தெரிந்தது. டேனின் என்ற பெயரே தோல் பதனிட ஐரோப்பாவில் பயன்படுத்திய ஓக் மரப்பட்டையிலிருந்து வந்தது. தொட்டியில் அது தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. வாயில் அது எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால் வாய் உலர்கிறது. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு சேர்த்தே புளிக்கவைப்பதால் அதில் டேனின் கூடுதல். வெள்ளை ஒயினில் சாற்றைப் பிழிந்து தோலை முதலிலேயே நீக்கிவிடுவார்கள், அதனால் குறைவு.

இதைச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். பிடிக்கிறது, உலர்த்துகிறது, சொரசொரப்பாக இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். நமக்குத் துவர்ப்பு என்று ஒரே சொல் போதும். அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறோம். வாழைப்பூவும் நாவல்பழமும் கொடுக்காப்புளியும் தின்று வளர்ந்த பிள்ளைக்குத் துவர்ப்பிலேயே நான்கு வகை தெரியும். வேலூர்ப் பக்கத்து நாக்குக்கு ஒயின் புதிது என்பது சரி. ஒயினில் இருப்பது புதிதில்லை தம்பி.

5 மார்ச் 2024

ஒரு திருத்தம். டேனின் திராட்சைத் தோலிலிருந்து மட்டும் வருவதுபோல எழுதிவிட்டேன். விதையிலும் காம்பிலும் உண்டு. ஓக் மரப்பீப்பாயில் வைத்தால் மரத்திலிருந்தும் வரும். விதையை நசுக்கிவிட்டால் கசப்பும் சேர்ந்துகொள்ளும். பன்னீர் திராட்சையை விதையோடு மென்று பாருங்கள், புரியும்.

9 மார்ச் 2024

இதைப் படித்த ஆம்பூர்க்காரர் ஒருவர், தோல் வாசனையைப் பற்றியும் எழுதச் சொல்கிறார். அதில் எனக்கு ஒரு நல்ல அனுபவம் உண்டு.

2008-ல் பெங்களூரில் ஒரு பயிற்சி வகுப்பு. லேபிளை மறைத்து ஆறு கோப்பை வைத்தார்கள். நான்காவது கோப்பையில் எல்லோரும் "தோல் வாசனை" என்று எழுதினார்கள். எந்தத் தோல் என்று நான் கேட்டேன். குரோம் போட்டதா, பட்டையில் ஊறியதா? ஈரமாகவா, காய்ந்தா? சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததா? வகுப்பு எடுத்தவர் பேனாவை வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். பட்டைத் தோல் வாசனையோடு கொஞ்சம் மாட்டுத்தொழுவ வாடையும் அதில் இருந்தது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் ஒயினில் புகுந்தால் இந்த வாசனை வரும். 4-எத்தில்பீனால் என்ற வேதிப்பொருளை அது உண்டாக்குகிறது. இலேசாக இருந்தால் சிலர் அதை ரசிப்பார்கள், மிஞ்சிவிட்டால் ஒயின் கெட்டது என்பார்கள்.

ஊரில் பஸ்ஸில் ஏறினால், துணியில் தோல் ஷாப் வாடை இருக்கிறதே என்று அம்மா வெட்கப்படுவாள். அந்த வாடையைத் தரம் பிரித்துச் சொல்லத் தெரிந்தது எனக்கு முதல் மரியாதையை வாங்கித் தந்தது. அன்றிரவு அப்பாவுக்கு போன் பண்ணினேன். ஒயின் என்ற வார்த்தையைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னேன்.

10 மார்ச் 2024

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கடையில் பிராந்தி இருக்கும், விஸ்கி இருக்கும், பீர் இருக்கும். ஒயின் ஓர் ஓரத்தில் இரண்டு பாட்டில் இருந்தால் பெரிது. 2003 முதல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் நடத்துகிறது, பெயர் மட்டும் ஜனங்கள் வாயில் ஒயின் ஷாப்தான். ஆகவே ஒரு பெண், நான் ஒயினைப் பற்றி எழுதுகிறேன் என்று ராணிப்பேட்டையில் சொன்னால், காதில் விழுவது அந்தக் கடைதான். சர்ச்சில் திருவிருந்து நாளில் குடிப்பது திராட்சரசம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எங்கள் தெருவில் யாரும் நினைத்ததில்லை.

அப்பாவிடம் 2011-ல் சொன்னேன். நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். துவர்ப்பு பற்றிய இடத்தில் நிறுத்தி, "கடுக்காய் பழசா புதுசா, அதையும் எழுதணும். ரெண்டும் வேற" என்றார்.

24 மார்ச் 2024

வார்த்தை இல்லை என்ற மூன்றாவது காரணத்தில் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வார்த்தைகள் இருக்கின்றன, ஆனால் தப்பான வார்த்தையை இழுத்துவந்து வைத்துவிடும் அபாயமும் இருக்கிறது. நானே செய்தேன்.

சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எல்லோரும் கூஸ்பெரி என்பார்கள். தமிழில் எழுதிய என் முதல் கட்டுரையில் அதை நெல்லிக்காய் என்று போட்டுவிட்டேன். அகராதியிலும் அப்படித்தான் இருந்தது. பல வருடம் கழித்து ஐரோப்பாவில் ஒரு சந்தையில் உண்மையான கூஸ்பெரியைத் தின்றேன். நம் நெல்லிக்காய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேறு குடும்பத்துச் செடி. அதன் புளிப்பு வேறு, பச்சை வாசனையும் வேறு. நெல்லியின் துவர்ப்பு அதில் கிடையாது. எத்தனை பேர் என்னை நம்பி அந்த ஒயினில் நெல்லிக்காயைத் தேடியிருப்பார்கள் என்று நினைத்து வருத்தப்பட்டேன். அடுத்த கட்டுரையின் முதல் பத்தியிலேயே திருத்தம் போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நான் தின்னாத, முகராத ஒன்றின் பெயரை எழுதுவதில்லை. பிளாக்கரண்ட் என்று எல்லோரும் எழுதுவார்கள். நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது ஐஸ்கிரீமின் நிறம். காபர்நே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயினில் சில சமயம் வரும் கருப்புப் பழ வாசனைக்கு நான் நாவல்பழம் என்று எழுதுவேன். முழுக்கப் பொருந்தாது, பக்கத்தில் வரும். அதே ஒயினில் வரும் பச்சை வாசனைக்குக் குடைமிளகாய் என்றால் அச்சாகப் பொருந்தும், ஏனென்றால் பைரசின் என்ற ஒரே வகை வேதிப்பொருள்தான் இரண்டிலும் இருக்கிறது. சிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் மிளகு வாசனையும் அப்படித்தான். ரோட்டண்டோன் என்ற பொருள் மிளகிலும் இருக்கிறது, அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுசொன்னார்கள். கார்க் கெட்டுப்போன ஒயினுக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஈர அட்டை என்பார்கள், நான் மழையில் நனைந்த சாக்கு என்பேன்.

25 மார்ச் 2024

நேற்று எழுதியதோடு சேர்க்க மறந்தது, பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் வகைத் திராட்சைகளுக்கு மணம் தரும் லினலூலும் ஜெரானியாலும் ரோஜாவிலும் இருப்பவை. அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்த விவசாயியோ வியாபாரியோ எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போயிருக்க மாட்டார். தமிழில் எழுதப்பட்ட மிகச் சரியான ஒயின் குறிப்பு அந்த ஒரு சொல்தான் என்பேன்.

யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் என்ற தெளிந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56-வது பாட்டில் வருகிறது. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் யவனர் ஒயின் கொண்டுவந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அங்கேயும் புலவர் மணத்தைச் சொல்லாமல் விடவில்லை.

14 ஏப்ரல் 2024

ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ஒயின் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புத்தாண்டு மதியம் வீட்டில் அதுதான் நடந்தது. டேனின் மிகுந்த கனமான சிவப்பு வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பும் சேர்ந்தால் சீரகச் சம்பாவின் மணம் காணாமல் போய்விடும். கொஞ்சம் இனிப்பு தங்கிய, நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் நன்றாக இருக்கும். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் ஒத்துப்போகும். கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் தட்டில் இருந்தால் எனக்கு மோர் போதும்.

6 மே 2024

கத்திரி ஆரம்பித்துவிட்டது. ஊரில் ஒயின் வைத்திருப்பது பற்றிக் கேட்டவருக்கு: 12 முதல் 15 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் அது. வேலூர் வெயிலில் அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் வெந்துவிடும். ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். திறந்தால் பழ வாசனை போய், அடிப்பிடித்த ஜாம் வாசனை வரும். ஊருக்கு வந்திருந்தபோது, சேர்த்துவைத்த காசில் வாங்கிய மூன்று பாட்டிலை இப்படி இழந்தேன். இரண்டு நாள் மின்தடை. வாங்கினால் அன்றைக்கே திறங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

19 மே 2024

தம்பி கேட்ட முக்கியமான கேள்வியை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். யார் காசில் குடிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

இந்தத் தொழிலின் மையமே அதுதான். ஒரு பாட்டில் ஆயிரக்கணக்கில் விலை. மாதம் நாற்பது, ஐம்பது ஒயின் சுவைத்தால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். எழுதுகிறவரால் அவ்வளவையும் வாங்க முடியாது. அதனால் விற்கிறவர்கள் அனுப்புவார்கள். தோட்டத்துக்கு அழைப்பார்கள், விமானச் சீட்டு தருவார்கள், நல்ல அறை, நல்ல சாப்பாடு. திரும்பி வந்து, அந்த ஒயின் சுமார்தான் என்று எழுத எத்தனை பேருக்குக் கை வரும்?

என்னுடைய கை வரவில்லை, ஒரு முறை. பெயர் வேண்டாம். மூன்று நாள் உபசரித்தார்கள். தோட்டத்துக்காரர் என் அப்பா வயது, அவரே வண்டி ஓட்டி ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினார். ஒயினில் புளிப்பு தட்டையாக இருந்தது, பழுக்கவிட்டது அதிகம். "மென்மையான, இதமான" என்று எழுதினேன். அச்சில் பார்த்தபோது என் முகத்தையே என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொரு முறை உண்மையை எழுதினேன், விளம்பரம் தருகிற இறக்குமதியாளர் என்று சொல்லி ஆசிரியர் அதை எடுத்துவிட்டார். அந்தப் பத்திரிகையில் பிறகு நான் எழுதவில்லை.

ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வக்கீல் 1978-ல் விளம்பரமே வாங்காமல், சந்தாக் காசில் மட்டும் ஓர் ஒயின் இதழை ஆரம்பித்தார். 100-க்கு மதிப்பெண் போட்டார். பிரான்ஸின் போர்டோ பகுதியில் 1982-ஆம் வருடம் விளைந்த ஒயின்களை அவர் உயர்த்திச் சொன்னதில் பெயர் பெற்றார், பிறகு அவருடைய எண்ணைப் பார்த்து விலை ஏறி இறங்குமளவுக்கு வளர்ந்தார். மதிப்பெண் முறை எனக்குப் பிடிக்காது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போல ஒயினைப் பார்க்க வைத்துவிட்டது. ஆனால் வாசகர் காசில் மட்டும் நின்றாரே, அதற்காக அவரை மதிக்கிறேன்.

இப்போது நான் செய்வது இது. அனுப்பிய பாட்டில் என்றால் அனுப்பியது என்று கட்டுரையிலேயே எழுதுகிறேன். பயணச் செலவு வாங்குவதில்லை. அதனால் போகும் இடங்கள் குறைந்துவிட்டன. நாசிக்குக்கும் நந்தி மலைக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறேன். போர்டோவுக்குப் போய் ஒன்பது வருடமாகிறது.

2 ஜூலை 2024

இரண்டு வாரமாக இங்கே எழுத மனம் வரவில்லை. கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த வாரம் என் பத்தியை அனுப்பவில்லை.

என் சின்ன மாமா 1990-களில் இப்படித்தான் போனார். கண் தெரியவில்லை, கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே. அத்தைக்கு அப்போது வயது 26. நான் ஒயினைப் பற்றி எழுதுவதை இன்றுவரை அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலிருப்பதன் பாரம் எனக்குத் தெரியும்.

வட ஆற்காட்டுக்கு இதில் நீண்ட நினைவு உண்டு. 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1939-ல் நம் மாவட்டத்துக்கு வந்தது. 1971-ல் விலக்கினார்கள், 1974-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அப்புறமும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் யாருடைய வீடாவது தப்பித்தது, யாருடைய வீடாவது போனது. இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒயின் வேறு, சாராயம் வேறு என்று எழுதுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். இரண்டிலும் இருப்பது ஆல்கஹால்தான்.

பின் ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே நான் கேட்டுக்கொண்டேன். ஒரு பழத்தில் மண்ணும் மழையும் மனிதரின் வேலையும் எப்படித் தங்குகின்றன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான், அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கூடவே, குடி என்பதன் முழு உண்மையையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். இது போதுமான பதிலா என்று அத்தையின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு நிச்சயமில்லை.

3 ஜூலை 2024

முழு உண்மை என்றதால் ஒன்று. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பரவிய பேச்சு அது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் ஆல்கஹால் இருக்கிறது. ஒயினை மருந்தென்று எழுதும் பத்திரிகையாளர் தம் வேலையைச் செய்யவில்லை.

நாங்கள் சுவைக்கும்போது துப்பிவிடுவோம். பக்கத்தில் வாளி இருக்கும். அப்படியும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் வாரத்தில் நான்கு நாள் நான் தொடுவதில்லை.

18 ஆகஸ்ட் 2024

படிப்பு பற்றி. லண்டனில் 1969-ல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் படிப்புகள் நான்கு நிலைகள், இந்தியாவிலும் படிக்கலாம். செலவு அதிகம். நான் மூன்று நிலை முடித்தேன், நான்காவதற்குக் காசும் நேரமும் சேரவில்லை. அதற்கு மேலே மாஸ்டர் ஆஃப் ஒயின் என்ற பட்டம். 1953-ல் முதல் தேர்வு, 21 பேர் எழுதி 6 பேர் தேறினார்கள். லேபிள் தெரியாமல் 12 ஒயின்கள் கொண்ட மூன்று தாள்கள், அதற்கு மேல் எழுத்துத் தேர்வும் ஆய்வும். பத்திரிகையாளர்களில் ஜான்சிஸ் ராபின்சன் 1984-ல் இதை முடித்த முதல் பெண். ஆக்ஸ்போர்டில் கணிதமும் தத்துவமும் படித்துவிட்டு, 1975-ல் ஒயின் வணிக இதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் அவர்.

19 ஆகஸ்ட் 2024

நேற்றைய வரியைப் படித்தவர்கள், மாஸ்டர் ஆஃப் ஒயின் ஆன முதல் பெண்ணே அவர்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதிய விதம் அப்படி. முதல் பெண் சாரா மார்ஃப்யூ ஸ்டீபன், 1970. ஜான்சிஸ் ராபின்சனின் சிறப்பு வேறு: ஒயின் வியாபாரத்தில் இல்லாத ஒருவர், ஆணோ பெண்ணோ, அந்தப் பட்டம் வாங்கியது அவர்தான் முதலில். அதுவரை விற்கிறவர்களுக்குள்ளேயே இருந்த தேர்வு, எழுதுகிறவருக்கும் திறந்தது. இந்தியாவிலிருந்து முதலில் தேறியவர் சோனல் ஹாலண்ட், 2016-ல்.

8 செப்டம்பர் 2024

பட்டம் இல்லாமல் முடியாதா என்று தம்பி சோர்ந்துபோய்க் கேட்கிறீர்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, லேபிளை மறைத்து பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தார். முடிவு தெரிந்ததுதானே என்று பத்திரிகைகள் ஆளனுப்பவில்லை. டைம் இதழின் பாரிஸ் நிருபர் ஜார்ஜ் டேபர் மட்டும் போனார். ஒயின் அவருடைய துறையே இல்லை. ஸ்பரியர் நடத்திய வகுப்பில் கொஞ்சம் படித்திருந்தார், அவ்வளவுதான். சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியாதான் முதலிடம். கலிபோர்னியா ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று ஒரு நடுவர் மகிழ்ந்ததைப் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார் டேபர். அவர் எழுதியது ஒரு சின்னச் செய்தி. உலக ஒயின் வியாபாரம் அதிலிருந்து திரும்பியது.

பேரணாம்பட்டில் யாரும் வராத கிராமசபைக் கூட்டத்தில் நீங்கள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் இல்லையா, அதே வேலைதான்.

27 அக்டோபர் 2024

மார்ச்சில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 2005-ல் பெங்களூரில்தான் ஆரம்பம் என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு.

1998-ல் கிணறு கிணறாகப் போனேனே, அப்போது ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரியவர் வாளியில் தண்ணீர் இறைத்து, "வாயில வெச்சுப் பாரும்மா, விழுங்கிடாதே" என்பார். வைப்பேன், துப்புவேன், நோட்டில் எழுதுவேன். இந்தக் கிணறு வெறும் உப்பு, அதற்கு அடுத்தது உப்போடு கசப்பு, ஆற்றோரக் கிணறு நாக்கில் இரும்பு மாதிரி. போன மழைக்கு எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று அவர்கள் சொல்வதையும் எழுதுவேன். சுவைப்பது, துப்புவது, ஒப்பிடுவது, இடத்தையும் வருடத்தையும் குறிப்பது. இன்றைக்கும் இதையேதான் செய்கிறேன். அந்தப் பெரியவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை.

அந்த நோட்டுகள் அம்மா வீட்டுப் பரணில் இருக்கின்றன. தீபாவளிக்குப் போகும்போது எடுத்துவரப் போகிறேன்.

24 நவம்பர் 2024

தம்பி அனுப்பிய முதல் குறிப்பு கிடைத்தது. நான் சொன்னபடி ஒயினை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பதை எழுதியிருக்கிறீர்கள்: பால் விடாத டீ, கடுக்காய்த் தூள் தண்ணீர், ஜவ்வாது மலைத் தேன். டீயின் துவர்ப்பு நாக்கின் நடுவிலும் கடுக்காயினுடையது ஈறிலும் பிடிப்பதாக எழுதிய இடத்தை நான்கு முறை படித்தேன். நன்றாக இருக்கிறது. தேனுக்கு "அருமையான மணம்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த "அருமையான" வேண்டாம். திரும்ப முகர்ந்து பார்த்து, எந்தப் பூ, எந்த மரம் என்று மலையில் தேன் எடுத்தவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை பெங்களூரில் ஒரு சுவைக் கூட்டம். உங்களுக்கும் இடம் கேட்டுவிட்டேன். காட்பாடியிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் போதும். சென்ட், அத்தர் எதுவும் போடாமல் வாருங்கள், பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் அது கெடுத்துவிடும். நானும் அன்றைக்குப் பூ வைக்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடுக்காய் இரண்டு கொண்டுவாருங்கள், பழசு ஒன்று, புதுசு ஒன்று.